வண்ணம் போன பாதம்

எங்கள் ஊர் மாதாவின் பாதங்களில் வண்ணம் கிடையாது. வெள்ளை அங்கி அப்படியே இருக்கிறது, நீலக் கச்சை இருக்கிறது, கையில் தொங்கும் ஜெபமாலையின் மணிகள்கூடப் பளிச்சென்று தெரிகின்றன. குனிந்து பார்த்தால்தான் தெரியும், இரண்டு பாதங்களும் வெறும் சாந்தாக வெளுத்துக் கிடப்பது. லூர்து மாதா சுரூபம் எதைப் பார்த்தாலும் பாதத்துக்கு ஒன்றாகத் தங்க ரோஜா இருக்கும். எங்கள் மாதாவுக்கும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், எத்தனை பேர் முத்தமிட்டிருந்தால் இப்படித் தேய்ந்திருக்கும் என்று வியந்துபோகிறார்கள். நாங்களும் ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறோம். முத்தத்தில் தேய்ந்தது கொஞ்சம்தான். மீதியைத் தேய்த்தவர் என் அண்ணி.

அண்ணி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. எங்கள் வீட்டில் மூத்த நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். கல்யாணமான சில வருடங்களிலேயே கணவரை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் தனியாக இருந்தார். புதுச்சேரிப் பக்கம் தவளக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. அவரைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இளப்பமாகச் சொல்லவில்லை, அவரே சொல்லிச் சிரிப்பார். இடி இடித்தால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார். ஊசி போடும் அறையின் வாசலிலேயே கண் இருட்டிவிடும். கடலூர் சாலையைத் தனியாகக் கடக்கவே மாட்டார். வேலை முடிந்து முனையில் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கம் போகிற தெரிந்த முகம் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் வராவிட்டால் தெரியாதவர் கையையே பிடித்துக்கொள்வார். ஒருநாள் அப்படிப் போலீஸ்காரர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்ததை என் கணவர் பார்த்துவிட்டார். “எங்க அக்காவ போலீஸ் புடிச்சிக்கினு போவுது” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் ஊர் மாதா சபைக்குத் தலைவி. மாதாவின் கண்ணாடிப் பெட்டிச் சாவி அவருடைய தாலிக்கயிறு இருந்த இடத்தில், கறுப்புக் கயிற்றில் தொங்கும். பயந்த சுபாவமுள்ள உங்களுக்கு எதற்கு இந்தப் பொறுப்பு என்று ஒருமுறை கேட்டேன். “பயந்தவளுக்குத்தான் அம்மா வேணும். தைரியசாலிக்கு இன்னாத்துக்கு?” என்றார். அந்தப் பதிலை நான் அப்போது விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் எங்களுக்கு மாதாவின் மாதம். முதல் தேதி மாலை சிற்றாலயத்திலிருந்து பெட்டி புறப்படும். ஒரு நாள் ஒரு வீடு. அன்றைக்கு மாதா வந்திருக்கும் வீட்டில் பாய் விரித்து அக்கம்பக்கத்தார் நெருக்கியடித்து உட்காருவோம். ஜெபமாலை, பிரார்த்தனை, பாட்டு எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவராகப் பாதத்தில் முத்தமிடுவோம். முத்தி செய்வது என்பது அதைத்தான். நோயாளிகளும் முதியவர்களும் முதலில், கைக்குழந்தைகள் அடுத்து, பிறகு மற்றவர்கள். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர்களே பெட்டியைச் சுமந்து பாடிக்கொண்டு அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். முனையில் இருக்கும் கரும்புக்காரர் குடும்பம் கிறிஸ்தவர்கள் அல்ல, ஆனால் அவர்கள் வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. இதில் ஒரே ஒரு சட்டம்தான்: மாதா வரும்போது கதவைச் சாத்தக் கூடாது, பவனி நடுவில் நிற்கவும் கூடாது. அந்தக் காலத்தில் காலரா வந்தபோது மாதாவை வீடு வீடாகக் கொண்டுபோன பிறகுதான் நோய் ஊர் எல்லையைத் தாண்டிப் போனது என்று சொல்வார்கள். அப்படி நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஊர் அதை நம்பியது, நானும் நம்பித்தான் வளர்ந்தேன்.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்த மே மாதத்தைப் பற்றி எழுத இப்போதும் கை தயங்குகிறது. முதல் அலையில் நாங்கள் டிவியைப் பார்த்துப் பயந்தோம். இரண்டாவது அலையில் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பயந்தோம். பாகூர் சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எல்லார் வீட்டிலும் பேச்சு நின்றுவிடும். எந்தத் தெருவுக்குள் திரும்புகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம். திரும்பாமல் போய்விட்டால் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வோம், அது வேறு யாரோ வீட்டு வாசலில் நிற்கப்போகிறது என்ற நினைப்பே இல்லாமல். என் பயத்துக்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. என் கணவருக்கு வாலிப வயதில் காசநோய் வந்து ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது. வயரிங் வேலைக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். சர்க்கரையும் உண்டு. இவருக்கு வந்தால் தாங்கமாட்டார், வீட்டைவிட்டு வெளியே விடாதீர்கள் என்று வில்லியனூரில் எங்களுக்குப் பழக்கமான டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் மனுஷியாகவே இல்லை. மத்தியானத்தில் அவர் கண்ணயர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கதவுப் பிடியில், பால் பாக்கெட்டில், கொத்தமல்லிக் கட்டில், எல்லாவற்றிலும் எனக்கு நோய் தெரிந்தது. அவர் தொண்டையைச் செருமினால் தெர்மாமீட்டரைத் தேடி ஓடுவேன். ஜெபம் சொல்ல உட்கார்ந்தாலும் மனப்பாடமாகத் தெரிந்த வார்த்தைகள் வராது. ‘ஆண்டவரே, இவரை விட்டுவிடும்’ என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப வரும். ஊரில் யார் யாரோ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றும், ஆனால் வாய் மறுபடியும் என் வீட்டுக்காரரிடமே வந்து நிற்கும்.

கோயில் பூட்டியிருந்தது. பங்குச் சாமியார் பூசையை போன் வழியாகக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த வருடம் மாதா பவனி வேண்டாம், அவரவர் வீட்டில் ஜெபமாலை சொல்லுங்கள் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய கனத்த குரல். நோய் வந்த வருடத்தில் அம்மாவை வெளியே கொண்டுவராமல் பிறகு எந்த வருடத்தில் கொண்டுவருவது என்று அவர் கேட்டார். அதில் நியாயம் இருப்பதாகத்தான் எல்லாருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. அதனால் மைக் இல்லாமல், போலீஸ் காதில் விழாதபடி கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பவனி ரகசியமாகத் தொடங்கியது. அண்ணியும் மறுக்காமல் சாவியைக் கழற்றிக் கொடுத்தார், பெட்டியோடு அதுவும் வீடு வீடாகப் போனது.

முதலில் காய்ச்சல் வந்தது பவனி தொடங்கிய வீட்டில். அது சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு அதற்கு அடுத்த வீடு, அப்புறம் எதிர்ச்சாரியில் ஒரு வீடு. எந்த வீட்டில் கஷ்டம் வரப்போகிறது என்று தெரிந்து அம்மா முன்கூட்டியே போய் நிற்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. நம் வீட்டுக்கும் வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் அண்ணி எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். ஒன்றின்மேல் ஒன்றாக மாஸ்க் போட்டு, அதற்கும் மேல் முந்தானையைச் சுற்றியிருந்தார். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, யாரோ ஒட்டுக்கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அம்மா போற வழியிலயே காய்ச்சலும் போவுதுடி.”

சொன்னவுடன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கை நடுங்கியது. தான் சொன்ன வார்த்தை தேவதூஷணமோ என்ற பயம் அவருக்கு. நோய்க்குப் பயந்ததைவிட அதற்கு அதிகமாகப் பயந்தார் என்று நினைக்கிறேன். எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று அவர் விரலை நீட்டிக் காட்டினார். ஒரு வீடு பிசகாமல் அப்படியே இருந்தது. மறுநாள் மாதா கொத்தனார் வீட்டுக்குப் போகவேண்டும். அதற்கடுத்த நாள் எங்கள் வீடு.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு என் கணவர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்படுகிற மனிதர் அல்ல. ஆனால் காசநோயில் படுத்திருந்தபோது வில்லியனூர் மாதா கோயிலில் வேண்டிக்கொண்டு பிழைத்தவர் என்பதால், மாதாவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் தாங்கமாட்டார். “அன்னிக்கி என்னக் காப்பாத்துனவங்க இன்னிக்கி சாவடிப்பாங்களாக்கா? நீயே இப்டிப் பேசலாமா?” என்றார். அண்ணி கேட் கம்பி வழியாக அவரைப் பார்த்துச் சொன்னார்.

“அம்மாதான் காப்பாத்துனாங்க. நானுந்தான் தெனம் உன் வாயில மாத்திரயப் போட்டு, நீ முழுங்குற வரைக்கும் நின்னேன். ரெண்டுந்தான்டா.”

என் கணவர் திரும்பி உள்ளே போய்விட்டார். மாதா வந்தால் கதவைத் திறப்பேன், முத்தி செய்வேன், அதில் சாவு வந்தால் வரட்டும் என்று அன்று மாலை என்னிடம் தீர்மானமாகச் சொன்னார். அதற்குப் பெயர் விசுவாசம் என்று அவர் நினைத்தார். ஆண்டவரைக் கோபுரத்தின் உச்சியில் நிறுத்தி, குதி, தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சொன்னவன் சாத்தான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டதுதான். ஆனால் கட்டிய மனைவியாக நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கதவைத் திறந்தால் இவரை இழந்துவிடுவேன், சாத்தினால் இவரும் ஊரும் ஆயுளுக்கும் என்னை மன்னிக்கமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன்.

அண்ணி சாமியாருக்கு போன் செய்து பார்த்திருக்கிறார். எடுத்தவர் சமையல்காரர். சாமியாரை முதல்நாளே ஆக்சிஜனோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். கமிட்டித் தலைவரிடம் கேட்டதற்கு, சபைத் தலைவியே விசுவாசமில்லாமல் பேசினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று சத்தம் போட்டிருக்கிறார். அதற்குமேல் கேட்பதற்கு அவருக்கு ஊரில் யாரும் இல்லை.

எங்கள் முறைநாள் மாலை வந்தது. என் கணவர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கனகாம்பரச் சரத்தோடு கேட்டருகில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கொத்தனார் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடியபடி வந்தார்கள். கொத்தனாரின் அப்பா தங்கள் வீட்டு வாசலிலேயே தங்கிவிட்டார். அவர் இருமுவது பாட்டுக்கு மேலாக எனக்குக் கேட்டது. அந்த இருமலைக் கேட்டதும் ஓடிப்போய்க் கேட்டைப் பூட்டிவிடலாமா என்று நினைத்தேன், ஆனால் பூட்டவில்லை. அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து அண்ணி வந்தார். நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல், செருப்பு ஒன்று கழன்றதைக்கூடக் கவனிக்காமல் வந்து கொத்தனார் மனைவியின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார். “இன்னிக்கி என் வூட்டுக்கு” என்றார். முறை மாறுகிறதே என்று அந்தப் பெண் தயங்கினாலும், கேட்பவர் சபைத் தலைவி என்பதால் கொடுத்துவிட்டாள். அண்ணி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் கேட்டைத் தாண்டிப் போனார். என் கணவர் “அக்கா” என்று கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கமிட்டித் தலைவரும் இன்னும் சிலரும் அவர் வீட்டுமுன் கூடிவிட்டார்கள். ஊர் மாதாவை ஒருத்தி பூட்டிவைத்துக்கொள்வதா என்று தலைவர் சத்தம் போட்டார். நாங்களும் போய்க் கொஞ்சம் தள்ளி நின்றோம். ஜன்னலின் ஒரு பக்கக் கதவு விரல் அகலம் திறந்தது.

“எனக்கு வந்துடுச்சி. டெஸ்ட்டு எடுத்தன், வந்துடுச்சி. அம்மா எங்கூட இருக்கட்டும். யாரும் கிட்ட வராதீங்க” என்றார் அண்ணி.

தெரு காலியாக அதிகநேரம் ஆகவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்த தலைவர் தோள் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். என் கணவர் மட்டும் அசையாமல் நின்றார். அவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்கு போன் போட்டேன். எப்போது டெஸ்ட் எடுத்தீர்கள், மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “இல்லடி. பொய் சொன்னன்” என்றார். பிறகு அழுதார். மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு மாதாவின் பெயரால் ஊருக்கே பொய் சொல்லிவிட்டேன், பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் சாமியார் இல்லை, இப்படியே செத்தால் நான் எங்கே போவேன் என்று அழுதார். அவ்வளவு பயந்தவர் எப்படி அதைச் செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பவனி நின்றது. நோயாளி வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துவர யாருக்கும் துணிவில்லை. எங்கள் வீட்டில் என் கணவர் அக்காவுடன் போனில்கூடப் பேசவில்லை. கனகாம்பரச் சரம் வீட்டு சுரூபத்தின் முன்னால் கிடந்து வாடியது.

சில நாட்களிலேயே அண்ணியின் குரல் மாறிவிட்டது. இந்தமுறை நிஜமாகவே டெஸ்ட் எடுத்தார்கள், நிஜமாகவே வந்திருந்தது. கொத்தனார் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்ததா, அதற்கு முந்தைய வீடுகளில் பாயில் உட்கார்ந்து பாடியபோது வந்ததா, யாருக்குத் தெரியும்? அண்ணிக்கு அதில் சந்தேகமே இல்லை. சொன்ன பொய்க்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை என்றார். நோய் வந்தவுடன் என்ன பாவம் செய்தேன் என்று தேடத் தொடங்குவது எங்கள் ஆட்களிடம் ஊறிப்போன பழக்கம். எங்கள் ஆண்டவர் குஷ்டரோகியிடம் நீ என்ன செய்தாய் என்று விசாரித்ததே இல்லை, தொட்டுக் குணமாக்கினார், அவ்வளவுதான். இதையெல்லாம் அழகாக எடுத்துச் சொல்லும் அளவுக்கு அன்றைக்கு எனக்கு நிதானமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “பொய் இல்ல அண்ணி, உண்மைய கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டீங்க” என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

கஞ்சியும் மாத்திரையும் கொண்டுபோய் அவர் வாசற்படியில் வைத்துவிட்டுத் தூரப் போய் நிற்பேன். நான் நகர்ந்த பிறகுதான் கதவு திறக்கும். ஒருநாள் தாங்க முடியாமல், நான் உள்ளே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “நீ உள்ள வந்தீன்னா தம்பி போயிடுவான். அப்புறம் நான் இன்னாத்துக்கு இத வாங்கிக்கினன்?” என்று கதவுக்குப் பின்னால் இருந்து அதட்டினார். அவர் என்னை அதட்டியது அது ஒரு தடவைதான். அந்த அதட்டலைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, கூடவே உடம்பெல்லாம் லேசானது. போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாரே என்ற நிம்மதி அது. பயம் மனிதரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். கஞ்சியோடு பஞ்சுச் சுருளும் சானிடைசரும் வாங்கி வைக்கச் சொல்வார். தீர்ந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்பார். பூட்டிய வீட்டில் தனியாக இருப்பவருக்கு எதற்கு இவ்வளவு பஞ்சு என்று கேட்டேன். “எனக்கு அப்புறமும் ஆளுங்க இருக்காங்க இல்ல” என்றார். காய்ச்சலில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஆக்சிஜன் அளவு இறங்கிய அன்று காலை ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. இத்தனை நாள் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் எங்களுக்காகவே வந்து நின்றது. அண்ணி தானாகவே நடந்து வந்தார். கதவைப் பூட்டிச் சாவியைப் படியில் வைத்தார். பெட்டியை இப்போது யாரும் தொடக் கூடாது, நாள் போகட்டும் என்று முதல்நாளே என்னிடம் சொல்லியிருந்தார். என் கணவர் எங்கள் மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் வீடுகளில் ஊருக்குப் புறப்படும்போது மூத்தவர்கள் இளையவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைவார்கள். தேர்வுக்குப் போகும்போதும், வேலையில் சேரப் போகும்போதும் அண்ணிதான் தம்பிக்கு வரைந்திருக்கிறார். வண்டியில் ஏறும் முன் அவர் மாடியைப் பார்த்தார். கையை உயர்த்திக் காற்றில் சின்னதாக ஒரு சிலுவை வரைந்தார். இவர் மேலே நின்றபடியே தலை குனிந்து நெற்றியைக் கொடுத்தார். வண்டி போன பிறகும் அவர் தலை நிமிரவில்லை.

கடலூர் சாலையைக் கடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். யார் கையையும் பிடிக்காமல் அந்தச் சாலையை அவர் கடந்தது அந்த ஒருமுறைதான். திரும்பி வரவில்லை. உடலையும் வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. கவச உடை போட்டவர்கள் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இறக்கினார்கள். எட்டத்தில் நின்ற நாங்கள் பாடத் தொடங்கிய பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது. என் கணவர் அழவில்லை. வீட்டுக்கு வந்து, வாடிய அந்தக் கனகாம்பரச் சரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அலை ஓயும்வரை அவருக்கு நோய் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது நாங்கள் அந்த வீட்டைத் திறந்தோம். கமிட்டித் தலைவரும் வந்திருந்தார். அவருடைய மனைவியும் இந்த நோயில்தான் போனார், அதன்பிறகு அவர் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடியே பார்க்கும் உயரத்தில் ஒரு முக்காலியில் மாதா இருந்தார். பக்கத்தில் சானிடைசர் பாட்டில், பாதிப் பஞ்சுச் சுருள். கட்டிலுக்குக் கீழே வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில் உபயோகித்த பஞ்சு. பையைப் பிரிக்காமல் வெளியே இருந்து பார்த்தபோதே அந்தப் பஞ்சில் அங்கங்கே ரோஜா நிறமும், தங்கத் துகளும் மின்னின. அதற்குப் பிறகுதான் பாதங்களைப் பார்த்தோம்.

அண்ணி அந்த அறையில் தனியாகக் காய்ச்சலில் கிடந்து, பயம் வரும்போதெல்லாம் மாதாவின் பாதத்தை முத்தி செய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் உடனே துடைத்திருக்கிறார். பூட்டிய வீட்டில் வேறு யாரும் இல்லை. துடைத்தது தனக்காக அல்ல. தான் போன பிறகு மாதா மறுபடி வீடு வீடாகப் போவார், யாராவது ஒரு கிழவரோ குழந்தையோ இதே இடத்தில் வாய் வைக்கும் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அப்புறமும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னது எனக்கு அங்கேதான் புரிந்தது. என் கணவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தலைவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த நோய் பெரும்பாலும் காற்றில் பரவுவது என்று பிறகு சொன்னார்கள். மாதாவின் பாதத்தைவிட, கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் பாடியதுதான் அதைப் பரப்பியிருக்கும். அப்படியென்றால் அத்தனை பஞ்சும் வீண். எனக்கு அப்படி நினைக்க வரவில்லை. பெட்டியை நிறுத்தியதால் கூட்டம் நின்றது, கூட்டம் நின்றதால் எங்கள் வீடும் எங்களுக்கு அப்பால் இருந்த வீடுகளும் தப்பின. துடைத்ததற்குக் கணக்கு வேறு, அது நோய்க்கிருமியைப் பற்றியது மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். பிழைத்து வந்த சாமியாரிடம் அண்ணியின் பொய்யைப் பற்றிச் சொன்னேன். அடுத்தவருக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யமுடியாது என்பது எனக்குத் தெரியும், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் மெலிந்த கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். அந்தப் பொய்யைப் பற்றி ஆண்டவரிடம் உங்கள் அண்ணி நேரிலேயே பேசியிருப்பார், நாம் நடுவில் போகவேண்டாம் என்றார்.

பாதத்துக்கு வண்ணம் பூச ஒருமுறை பெயிண்டர் வந்தார். வேண்டாம் என்று அவரை அனுப்பிவைத்தவர் கமிட்டித் தலைவர்தான். இப்போது மே மாதத்தில் பெட்டியோடு ஒரு பஞ்சுச் சுருளும் சின்ன பாட்டிலும் வீடு வீடாகப் போகின்றன. முத்தி செய்கிறவர் தானே துடைத்துவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் அதையும் ஜெபத்தின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு ஊரில் ஒரு கோயிலில் முத்தி செய்துவிட்டுப் பஞ்சு எங்கே என்று ஒரு குழந்தை கேட்டதாம்.

இந்த வருடமும் எங்கள் முறை வந்தது. என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். என் கணவர் இருமினால் இன்றைக்கும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். விசுவாசம் உள்ளவர்களுக்குப் பயம் இருக்காது என்று யாராவது பிரசங்கித்தால் எனக்கு அண்ணி காற்றில் சிலுவை வரைந்த கை ஞாபகம் வரும். அது கடைசிவரை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கேட்டருகில் கனகாம்பரச் சரத்தோடு நின்று இவர் பெட்டியை வாங்கினார். ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாகக் குனிந்து, வெளுத்த பாதத்தில் வாய் வைத்தார். பஞ்சை நனைத்து, தங்க ரோஜா இருந்த மேட்டைச் சுற்றி மெதுவாகத் துடைத்தார். பிறகு எனக்கு வழிவிட்டார். நானும் முத்தி செய்தேன், துடைத்தேன், வெளிச்சத்தில் பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். அதில் எந்த வண்ணமும் ஒட்டவில்லை. துடைக்க வேண்டியதையெல்லாம் அண்ணி துடைத்துவிட்டிருந்தார்.